கம்ப்யூட்டர் அட்டாக்ல யாரு சாகுறா? சைபர் பயங்கரவாதமும் மனுஷனோட பாதுகாப்பும்

கேள்வி (வாசகர் ஒருத்தர் போட்டது), நவம்பர் 3

சைபர் டெரரிசம் சைபர் டெரரிசம்னு இருபது வருஷத்துக்கு மேல பயமுறுத்திட்டே இருக்காங்க. குண்டு வெடிச்சா ஆள் சாகுறான், அது டெரரிசம். கம்ப்யூட்டர் ஹேக் ஆனா யாரு சாகுறா? பணம் போகும், டேட்டா போகும், ரெண்டு நாள் சர்வீஸ் நிக்கும். இதை மனிதப் பாதுகாப்புப் பிரச்னைன்னு சொல்றது ஓவரா தெரியலையா?

நவம்பர் 3, இரவு 10:20

ஓவரா தெரியல. நான் ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குறவன், இந்தக் கேள்விய தள்ளி நின்னு பாக்க எனக்கு வராது.

முதல்ல நேரடியான பதில். ஜூன் 3, 2024, லண்டன். அங்க இருக்குற சில பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு ரத்த டெஸ்ட் பண்ணிக்குடுக்குற சின்னோவிஸ்ங்கிற நிறுவனத்தோட சிஸ்டத்தை கிலின்னு ஒரு கும்பல் ரேன்சம்வேர் (கம்ப்யூட்டரப் பூட்டிட்டு, திறக்கப் பணம் கேக்குற புரோகிராம்) விட்டுப் பூட்டிருச்சு. 10,000க்கு மேல வெளிநோயாளி அப்பாயின்ட்மென்ட், 1,700க்கு மேல ஆபரேஷன் தள்ளிப்போச்சு. ஒரு வருஷம் கழிச்சு, ஜூன் 2025ல, கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒண்ணு வெளிய சொன்னாங்க. அந்த அட்டாக் நேரத்துல எதிர்பாராம ஒரு நோயாளி இறந்துபோனார், அதுக்குப் பல காரணம் சேர்ந்திருக்கு, அதுல ஒண்ணு ரத்த டெஸ்ட் ரிசல்ட் வர ரொம்ப நேரம் ஆனது, அது லேட்டானது அந்த அட்டாக்னால.

"பல காரணத்துல ஒண்ணு"ங்கிற அந்த வார்த்தைய கவனிங்க. இந்த மாதிரி சாவு இப்படித்தான் நடக்கும். குண்டு மாதிரி ஒரே இடத்துல ஒரே நிமிஷத்துல நடக்காது. ஏற்கனவே முடியாம இருக்குறவங்க மேல போய் விழும், சர்டிபிகேட்ல வேற நோயோட பேரு இருக்கும்.

நவம்பர் 3, இரவு 11:45

கீழ ஒருத்தர் "முதல் சாவு 2020ல ஜெர்மனிலயே ஆயிருச்சே, டூசல்டார்ஃப்"னு எழுதியிருக்கார். அந்தக் கதைய எல்லாரும் பாதியோட நிறுத்திடுறாங்க. செப்டம்பர் 2020ல டூசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி சிஸ்டம் ரேன்சம்வேர்ல விழுந்துச்சு, அவசரமா கொண்டுவந்த 78 வயசு அம்மாவ பக்கத்து ஊர் வுப்பர்டாலுக்கு அனுப்பினாங்க, சிகிச்சை தாமதமாச்சு, அவங்க இறந்துட்டாங்க. அலட்சியத்தால ஒரு உயிர் போன கேஸா எடுத்து விசாரிச்சாங்க. கடைசியில அரசு வக்கீல் தரப்பு என்ன சொன்னாங்கன்னா, அந்த அம்மாவோட உடல்நிலை அப்பவே அவ்வளவு மோசம், தாமதம்தான் சாவுக்குக் காரணம்னு நிரூபிக்க முடியல, அதனால அந்தக் குற்றச்சாட்டு நிக்காது. ஹேக்கர்ஸ் ஸ்கிரீன்ல விட்டுட்டுப்போன மிரட்டல் நோட்டு ஆஸ்பத்திரிக்கே எழுதினது இல்ல, பல்கலைக்கழகத்துக்கு எழுதினது. நீங்க பூட்டுனது ஆஸ்பத்திரின்னு போலீஸ் சொன்னதும் பூட்டத் திறக்குற சாவியக் குடுத்துட்டாங்க.

அதனால டூசல்டார்ஃப "நிரூபணமான முதல் சாவு"ன்னு எழுதாதீங்க. இப்படி எழுதி எழுதித்தான் "எல்லாம் கட்டுக்கதை"ன்னு சொல்றவங்களுக்கு நாமே கம்பு எடுத்துக் குடுக்குறோம்.

நவம்பர் 4, காலை 7:10

ராத்திரி நிறைய பேர் ஒரே கேள்விய கேட்டிருக்கீங்க: "அது பணத்துக்காகப் பண்ணது, கிரைம், டெரரிசம் எப்படி ஆகும்?"

நியாயமான கேள்வி. சைபர் டெரரிசம்ங்கிற வார்த்தைய 1980கள்ல பாரி காலின்னு ஒருத்தர் உபயோகிச்சார்னு சொல்வாங்க. இன்னைக்கு வரைக்கும் அதிகமா எடுத்துக்காட்டுற வரையறை, கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பேராசிரியர் டோரத்தி டென்னிங் மே 2000ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி சொன்னது. சுருக்கமா, அரசியல் இல்ல சமூக நோக்கத்துக்காக ஒரு அரசையோ மக்களையோ மிரட்டிப் பணிய வைக்க கம்ப்யூட்டர், நெட்வொர்க் மேல நடத்துற தாக்குதல், அதோட விளைவு உயிருக்கோ சொத்துக்கோ சேதமா இருக்கணும், குறைஞ்சபட்சம் பயத்தை உண்டாக்குற அளவு பாதிப்பாவது இருக்கணும். வெறும் தொந்தரவு, பண நஷ்டம் மட்டும்னா அதுல வராது.

கேக்க தெளிவா இருக்கு. நடப்புல வச்சுப் பாத்தா வழுக்குது.

2015 ஏப்ரல்ல பிரான்ஸ்ல டிவி5மோண்ட் சேனல் மொத்தமும் இருட்டாச்சு, ஃபேஸ்புக் பக்கத்துல "சைபர் கலிஃபேட்"னு ஐஎஸ் (இஸ்லாமிக் ஸ்டேட்) கோஷம் வந்துச்சு, உலகமே டெரரிசம்னுச்சு, அப்புறம் விசாரணை ரஷ்ய அரசோட தொடர்புள்ளதா சொல்லப்படுற ஹேக்கர் குழு பக்கம் போச்சு. அதாவது பயங்கரவாதி முகமூடிய வேற யாரோ மாட்டிக்கிட்டு வந்திருக்காங்க. கிலின் கும்பலோ நேர் எதிர், பணம் கேட்டுட்டு அப்புறம் பத்திரிகைக்காரங்ககிட்ட "இது அரசியல் எதிர்ப்பு, பிரிட்டன் போர்கள்ல தலையிடுறதுக்குத் தண்டனை"ன்னு சொன்னாங்க. அந்தப் பேட்டிய நம்பினா டெரரிசம், நம்பலைன்னா கிரைமா? அந்த வார்டுல படுத்திருந்தவங்களுக்கு இதுல என்ன மாறப்போகுது?

1998ல நடந்தது இங்க பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். "இன்டர்நெட் பிளாக் டைகர்ஸ்"ங்கிற பேருல இலங்கைத் தூதரகங்களுக்கு ரெண்டு வாரம் தினமும் 800 மெயில் வரைக்கும் போய் நிறைஞ்சுச்சு. ஒரு நாட்டோட கம்ப்யூட்டர் மேல பயங்கரவாதக் குழு நடத்துன முதல் தாக்குதல்னு அமெரிக்க உளவுத்துறை அதைக் கணக்குல வச்சிருக்கு. யாருக்கும் காயம் இல்ல, மெயில்பாக்ஸ் நிரம்புச்சு. டென்னிங் வரையறைய கறாரா வச்சா இது தொந்தரவு, பட்டியல்ல மட்டும் "முதல் சைபர் பயங்கரவாதம்". அந்தக் காலகட்டத்துல மனுஷங்க உயிர் எங்க எப்படிப் போயிட்டிருந்துச்சுன்னு நமக்குத் தெரியும், அது மெயில்பாக்ஸ்ல இல்ல.

பேரு வைக்கிறது கோர்ட்டுக்குத் தேவை, எனக்குத் தெரியும். நம்ம பேச்ச அங்கேயே கட்டிப்போட வேண்டாம்னுதான் சொல்றேன். அடிச்சது யாருன்னு தேடுறதுக்கு முன்னாடி அடி யாரு மேல விழுந்துச்சுன்னு பாக்கணும்.

நவம்பர் 4, இரவு 9:30

உங்க அனுபவத்த எழுதுங்கன்னு கேட்டதால எழுதுறேன். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

நைட் ஷிப்ட். முதல்ல லேப் சாஃப்ட்வேர் ஸ்லோவாச்சு, அது அப்பப்ப ஆகுறதுதான்னு விட்டுட்டோம். அப்புறம் ரிசல்ட் அனுப்பினா போகல. கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு ஸ்கிரீனா பணம் கேக்குற அந்த மிரட்டல் நோட்டு வர ஆரம்பிச்சுச்சு. ஐடி டீம் பையன் ஓடிவந்து எல்லா கேபிளையும் பிடுங்குங்க பிடுங்குங்கன்னு கத்துனான், அவன் கை நடுங்கினது இன்னும் கண்ணுல நிக்குது.

வெளியில இருக்குறவங்களுக்குப் புரியாத ஒண்ணு இருக்கு. மெஷின் நல்லாத்தான் ஓடுது. ரத்தத்தை வச்சா பொட்டாசியம் இவ்வளவு, ஹீமோகுளோபின் இவ்வளவுன்னு மெஷின் சொல்லிரும். அந்த நம்பர் டாக்டர் கைக்குப் போற பாதைதான் அடைஞ்சுபோச்சு. பார்கோடு பிரிண்டர் கிடையாது, ட்யூப் மேல கையால பேரும் நம்பரும் எழுதணும், ஒரே பேருல ரெண்டு பேர் ஒரே மாடியில இருப்பாங்க. போன் பண்ணலாம்னு பாத்தா போனும் அதே நெட்வொர்க்ல ஓடுறது, அதுவும் போச்சு. எங்க சொந்த மொபைல்ல வார்டு நர்ஸ்களோட சொந்த மொபைலுக்குக் கூப்பிட்டோம், பாதிப் பேரு நம்பர் யாருகிட்டயும் இல்ல.

இதைவிட மோசமானது பழைய ரெக்கார்டு இல்லாதது. ஒரு ஆளோட இன்னைக்கு ரிசல்ட்ட நேத்து ரிசல்ட்டோட வச்சுப் பாக்குற ஒரு செக் இருக்கு, டெல்டா செக்னு சொல்வோம். நேத்து 9 இருந்த ஹீமோகுளோபின் இன்னைக்கு 14ன்னா, ட்யூப் மாறிருச்சோன்னு சாஃப்ட்வேர் கொடி காட்டும். எத்தனையோ தப்ப அது சத்தமில்லாம பிடிச்சிருக்கு. அன்னைக்கு அது இல்ல. ஒவ்வொரு நம்பரையும் கையெழுத்துப் போட்டு அனுப்பும்போது, இது இவரோடதுதானான்னு வயித்துல ஒரு பயம்.

ரத்த வங்கி இன்னும் சிக்கல். முன்னாடி பல தடவ ரத்தம் ஏத்துனவங்களுக்கு உடம்புல ஆன்டிபாடி உண்டாகியிருக்கும், அப்புறம் நாளாக நாளாக டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் குறைஞ்சிருக்கும், ஆனா அதே வகை ரத்தம் மறுபடி ஏறினா திரும்ப எழும்பி ரத்த அணுக்கள உடைக்கும். அந்த ஆளுக்கு இந்த ஆன்டிபாடி இருந்துச்சுன்னு தெரிஞ்சது அந்த கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். லண்டன்ல சின்னோவிஸ் விழுந்தப்ப ஓ வகை ரத்தம் குடுங்கன்னு நாடு முழுக்க அழைப்பு விட்டாங்களே, காரணமும் இதே மாதிரிதான். வழக்கமான வேகத்துல பொருத்தம் பாக்க முடியலைன்னா பெரும்பாலானவங்களுக்குப் பாதுகாப்பா குடுக்கக்கூடிய ஓ வகைய எடுப்பாங்க, அது சீக்கிரம் தீரும், அட்டாக்குக்கு சம்பந்தமே இல்லாத ஆஸ்பத்திரியிலயும் தட்டுப்பாடு வரும்.

அந்த ராத்திரி டயாலிசிஸ் நோயாளி ஒருத்தருக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவுல வந்துச்சு. பேப்பர எடுத்துக்கிட்டு நானே மாடிப்படி ஏறி ஓடினேன், லிஃப்டுக்கு நிக்க மனசு வரல. அவருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அந்த பேப்பர் இன்னொரு ட்ரேக்கு அடியில போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன், அப்படி ஆகியிருந்தா அது யார் கணக்குலயும் சைபர் டெரரிசம்னு வந்திருக்காது, "சிறுநீரகச் செயலிழப்பு"ன்னு முடிஞ்சிருக்கும்.

எங்களக் காப்பாத்தினது ரிட்டயர்மென்ட் பக்கத்துல இருந்த எங்க சீனியர் அக்கா. அலமாரியில இருந்து பழைய ரெஜிஸ்டர எடுத்து, கோடு போட்டு, யார் எங்க நிக்கணும், எந்த ரிசல்ட்ட யார் கையில குடுக்கணும், வாங்கினவங்க எங்க கையெழுத்துப் போடணும்னு பத்து நிமிஷத்துல ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தாங்க. சின்னப் பசங்க அதுவரைக்கும் ரெஜிஸ்டரே பாத்தது இல்ல. அந்த அக்கா இல்லாத ஷிப்டா இருந்திருந்தா?

நவம்பர் 4, இரவு 11:05

"பணத்தக் குடுத்துட்டு சாவிய வாங்கிட வேண்டியதுதானே"ன்னு கேக்குறவருக்கு: அயர்லாந்து பொதுச் சுகாதாரத் துறைய மே 2021ல கான்டிங்கிற கும்பல் அடிச்சாங்க, அரசு பணம் குடுக்க மாட்டோம்னுச்சு, சில நாள்ல கும்பலே சாவிய சும்மா குடுத்துச்சு. சாவி கையில இருந்தும் எல்லாம் பழைய நிலைக்கு வர மாசக்கணக்கு ஆச்சு. ஒவ்வொரு மெஷினையும் சுத்தம் பண்ணிப் பரிசோதிச்சுத்தான் உள்ள விட முடியும்.

நவம்பர் 6, மாலை 6:40

மனிதப் பாதுகாப்புன்னா என்னன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், தேசப் பாதுகாப்புக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்னு. 1994ல ஐநா வளர்ச்சித் திட்டத்தோட மனித வளர்ச்சி அறிக்கை, மஹ்பூப் உல் ஹக் தலைமையில வந்தது, ஏழு வகையா பிரிச்சுச்சு: பொருளாதாரம், உணவு, ஆரோக்கியம், சுற்றுச்சூழல், தனிமனுஷன், சமூகம், அரசியல். எல்லையக் காக்குறது மட்டும் பாதுகாப்பு இல்ல, பயத்துல இருந்தும் இல்லாமையில இருந்தும் மனுஷன் விடுபடணும்னு சொன்னாங்க. ஆரோக்கியத்தப் பத்தி நிறைய எழுதிட்டேன். "டேட்டாதானே போகும்"னு முதல் கேள்வியில இருக்கு பாருங்க, அதுக்கு இப்ப வரேன்.

பின்லாந்துல வஸ்தாமோன்னு மனநல சிகிச்சை மையம். உள்ள புகுந்து நோயாளிகள் தெரப்பிஸ்ட் கிட்ட சொன்னதோட குறிப்புகளத் திருடினாங்க, சுமார் 33,000 பேரோடது. அக்டோபர் 2020ல நிறுவனத்தை மிரட்டிட்டு, பணம் வரலைன்னதும் நோயாளிகளுக்கே தனித்தனியா மெயில் அனுப்புனாங்க: 200 யூரோ பிட்காயின்ல குடு, இல்லைன்னா நீ சொன்னதெல்லாம் ஊருக்குத் தெரியும். வாழ்க்கையில யார்கிட்டயும் சொல்லாதத ஒரே ஒருத்தர் கிட்ட நம்பிச் சொன்னவங்க, அந்த மெயிலத் திறந்து பாக்குற நேரத்த நினைச்சுப் பாருங்க. இனிமே தெரப்பிக்கே போகமாட்டேன்னு முடிவெடுத்தா அந்த நஷ்டத்த எந்தக் கணக்குல எழுதுவீங்க?

ஜனவரி 2022ல செஞ்சிலுவைச் சங்கத்தோட சர்வதேசக் குழு, தங்க சர்வர்ல யாரோ புகுந்துட்டாங்கன்னு சொன்னாங்க. அதுல 5,15,000க்கு மேல ஆட்களோட விவரம். யாரு அவங்க? போருல, இடப்பெயர்வுல குடும்பத்தப் பிரிஞ்சவங்க, காணாமப் போனவங்க, சிறையில இருக்குறவங்க, அவங்களத் தேடுற சொந்தக்காரங்க. காணாமப் போன மகனத் தேடி ஒரு தாய் குடுத்த விலாசம் அது. நம்ம மக்களுக்கு இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்ல.

நேரா பயங்கரவாதக் குழுவுக்கே டேட்டா போனதும் உண்டு. 2015ல அர்டிட் ஃபெரிசின்னு கொசோவோக்காரர், சுமார் 1,300 அமெரிக்க ராணுவ, அரசு ஊழியர்களோட பேர், விவரமெல்லாம் ஹேக் பண்ணி ஐஎஸ்ஸுக்குக் குடுத்தார், அவங்க அதைக் கொலைப் பட்டியலா வெளியிட்டாங்க. 2016ல 20 வருஷ சிறை. அவர் உள்ள புகுந்தது ராணுவ சர்வரே இல்ல, ஆன்லைன்ல பொருள் விக்கிற ஒரு கம்பெனியோட சர்வர், அதோட வாடிக்கையாளர் லிஸ்ட்ல இருந்து அரசு, ராணுவ மெயில் ஐடிகளப் பொறுக்கி எடுத்துத்தான் அந்தப் பட்டியல்.

நவம்பர் 6, இரவு 8:15

மேல எழுதினதுல பயம்ங்கிறத சரியா சொல்லாம விட்டுட்ட மாதிரி இருக்கு. பாதிப்பு சின்னதா இருந்தாலும் பயம் பெருசா பரவும்ங்கிறதுக்கு ரெண்டு உதாரணம். ஏப்ரல் 2013ல அசோசியேட்டட் பிரஸ் ட்விட்டர் கணக்க சிரியன் எலக்ட்ரானிக் ஆர்மிங்கிற ஹேக்கர் குழு பிடிச்சு, வெள்ளை மாளிகையில ரெண்டு குண்டு, ஒபாமாவுக்குக் காயம்னு ஒரு வரி போட்டாங்க. அமெரிக்கப் பங்குச்சந்தை சில நிமிஷத்துக்குச் சரிஞ்சு மறுபடி ஏறுச்சு. ஒரே ஒரு பொய் வரி.

மே 2021ல கலோனியல் பைப்லைன், அமெரிக்காவுல பெட்ரோல் கொண்டுபோற குழாய் கம்பெனி. டார்க்சைடுங்கிற கும்பல் கம்பெனியோட ஆபீஸ் கம்ப்யூட்டர்களத்தான் பூட்டுச்சு, குழாய கம்பெனியே முன்னெச்சரிக்கையா நிறுத்துனாங்க. கிழக்கு மாநிலங்கள்ல ஜனங்க பெட்ரோலுக்கு முண்டியடிச்சதுல, பிளாஸ்டிக் பையில பெட்ரோல் நிரப்பாதீங்கன்னு அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விட வேண்டியதாச்சு. நுழைஞ்ச வழி யாரும் உபயோகிக்காம விட்ட ஒரு பழைய விபிஎன் (வெளியில இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குள்ள வர்ற வழி) கணக்கு, பாஸ்வேர்ட் மட்டும்தான் பூட்டு, ரெண்டாவது சரிபார்ப்பு கிடையாது.

ஹைஃபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதிச்சே பாத்திருக்காங்க. சைபர் பயங்கரவாதச் செய்திகளப் பாக்க வச்சு அளந்ததுல பதற்றம் ஏறுது, அதோட கண்காணிப்ப அதிகமாக்கு, பதிலடி குடுங்கிற எண்ணமும் ஏறுது. இந்தக் கடைசி விஷயத்துக்கு நாளைக்கு வரேன், அதுதான் என்னை ரொம்ப உறுத்துது.

நவம்பர் 7, இரவு 10:50

கண்காணிப்பு பத்தி.

மே 12, 2017ல வானாக்ரைங்கிற ரேன்சம்வேர் வந்துச்சு, 150 நாடு, ரெண்டு லட்சத்துக்கு மேல கம்ப்யூட்டர். இங்கிலாந்து பொதுச் சுகாதாரச் சேவையில மட்டும் சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட் ரத்தாச்சுன்னு மதிப்பீடு. வடகொரியாதான்னு அமெரிக்காவும் பிரிட்டனும் சொல்லுது. ஆனா அது பரவ உதவின ஓட்டை, எடர்னல்புளூ, அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ கண்டுபிடிச்சு தங்க உளவு வேலைக்காக வெளிய சொல்லாம வச்சிருந்தது. ஷேடோ புரோக்கர்ஸ்னு ஒரு குழு அதைக் கசியவிட்டுச்சு. மக்களப் பாதுகாக்கத்தான் இருக்கோம்னு சொல்ற அமைப்பு, எல்லார் வீட்டுப் பூட்டுலயும் குறை இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம சாவிய பாக்கெட்ல வச்சிருந்துச்சு, அந்த சாவி திருடுபோச்சு. அடுத்த மாசமே ஜூன் 27ல அதே ஓட்டைய வச்சு நாட்பெட்யாங்கிற இன்னொரு அட்டாக். உக்ரைனைக் குறிவச்சது, உலகம் முழுக்கப் பரவிருச்சு, செர்னோபில்ல கதிர்வீச்ச கையால அளக்குற நிலைமை, மொத்த நஷ்டம் 1,000 கோடி டாலர்னு வெள்ளை மாளிகை கணக்கு. ரஷ்ய ராணுவம்னு மேற்கு நாடுகள் குற்றம்சாட்டுச்சு. இதுவரைக்கும் மக்கள் மேல விழுந்ததுல பெரிய பெரிய அடிக்குப் பின்னாடி நிக்கிறது அரசுகள், இல்லைன்னா அரசு செஞ்ச ஆயுதம். தாடி வச்ச ஹேக்கர் படத்தப் போட்டு செய்தி போடுறவங்க இதையும் சொல்லணும்.

சட்டம் பக்கம் வாங்க. இந்தியாவுல ஐடி சட்டம் 66எஃப், 2008 திருத்தத்துல வந்தது, சைபர் பயங்கரவாதத்துக்கு ஆயுள் தண்டனை வரைக்கும். முதல் பாதி நல்லா இருக்கு, உயிர்ச்சேதம், சமூக வாழ்க்கைக்கு அத்தியாவசியமான சேவை நிக்கிறதுன்னு மனுஷன மையமா வச்சுப் பேசுது. ரெண்டாவது பாதியப் படிங்க. அரசு கட்டுப்படுத்தி வச்ச தகவல அனுமதி இல்லாம எடுத்து, அது நாட்டோட இறையாண்மைக்கோ பொது ஒழுங்குக்கோ கண்ணியத்துக்கோ ஒழுக்கத்துக்கோ கெடுதல் பண்ணலாம், கோர்ட் அவமதிப்பு, அவதூறுக்கு உதவலாம்னு நம்புறதுக்குக் காரணம் இருந்தாலே போதும், அதுவும் சைபர் பயங்கரவாதம். அவதூறும் ஒழுக்கமும் பயங்கரவாதப் பிரிவுக்குள்ள எதுக்கு? ஒரு ஊழல் ஃபைல வெளிய கொண்டுவர்றவர் மேல இதத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

ஐநா சைபர் குற்ற ஒப்பந்தம் டிசம்பர் 2024ல பொதுச்சபையில ஏத்துக்கிட்டு, அக்டோபர் 2025ல ஹனோய்ல கையெழுத்துக்கு வச்சாங்க, 40 நாடு உறுதிப்படுத்தினா அமலுக்கு வரும். நாடுகள் ஒத்துழைக்கணும்ங்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல, ஏன்னா எங்க லேப்ப பூட்டுனவன் எந்த நாட்டுல உக்காந்திருந்தானோ. ஆனா எதிர்க்கருத்துக்காரங்களத் தேட அரசுகள் இதையே கருவியா எடுக்கும்னு மனித உரிமை அமைப்புகள் சொல்றது வெறும் கற்பனை இல்ல. அரசியல் பாதுகாப்பும் அந்த ஏழுல ஒண்ணு.

இன்டர்நெட்ட நிறுத்துறதும் அப்படித்தான். காஷ்மீர்ல ஆகஸ்ட் 2019ல நிறுத்துன அதிவேக மொபைல் இணையம் பிப்ரவரி 2021லதான் முழுசா திரும்புச்சு. பயங்கரவாதத்தத் தடுக்கன்னு சொன்னாங்க. ஒரு டாக்டருக்கு ஸ்கேன் அனுப்ப முடியாம இருக்குறது ஹேக்கர்னால ஆனாலும் அரசாணைனால ஆனாலும் நோயாளிக்கு ஒண்ணுதான். இப்படிச் சொல்றதுக்கு சிலர் கோபப்படுவீங்க, பரவாயில்ல.

நவம்பர் 9, காலை 8:30

கோபப்பட்டவங்க கேட்டது: "அப்ப அரசே வேண்டாமா, மின்சாரத்த யார் காப்பாத்துவா?"

வேண்டாம்னு சொல்லல. உக்ரைன் டிசம்பர் 23, 2015 எடுத்துக்கோங்க. மின்சார கன்ட்ரோல் ரூம்ல உக்காந்திருந்தவங்க கண்ணு முன்னாடி மவுஸ் தானா நகர்ந்து ஒவ்வொரு பிரேக்கரா ஆஃப் ஆச்சு. சுமார் 2,25,000 இணைப்புக்கு கரண்ட் போச்சு, கடும் குளிர்காலம். அதே நேரம் புகார் சொல்ற போன் லைன்கள்ல போலி கால்களக் கொட்டி ஜனங்க கூப்பிட முடியாம பண்ணாங்க, ஏன் இருட்டுன்னு கூடத் தெரியக்கூடாதுன்னு. ஒண்ணுல இருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள கரண்ட் வந்துருச்சு. எப்படி? வண்டிய எடுத்துட்டு சப்ஸ்டேஷனுக்குப் போய் கையால சுவிட்ச் போட்டாங்க. கையால போடத் தெரிஞ்ச ஆளும், கையால போடுற வசதியும் இன்னும் மிச்சம் இருந்துச்சு. எல்லாத்தையும் ஆட்டோமேட் பண்ணி லைன்மேன்கள வீட்டுக்கு அனுப்பின இடத்துல இதே அட்டாக் நடந்திருந்தா நாள் கணக்கா ஆகியிருக்கும்.

தண்ணி பத்திக் கேட்டவருக்கு: 2021 ஃபுளோரிடா ஓல்ட்ஸ்மார் கதைய, அதான் குடிதண்ணியில கலக்குற சோடியம் ஹைட்ராக்சைடுங்கிற ரசாயனத்த 100ல இருந்து 11,100க்கு ஏத்துனாங்கன்னு சொன்னாங்களே, அதை ஆதாரமா வைக்காதீங்க. வெளியாள் புகுந்ததே இல்ல, ஊழியர் கைத்தவறா இருக்கலாம்னு அந்த ஊர் நிர்வாகத்துல இருந்தவரே 2023ல சொல்லிட்டார். 2000ல ஆஸ்திரேலியா மரூச்சி உறுதியானது, வேலை கிடைக்காத கோபத்துல, கான்ட்ராக்ட் கம்பெனியில முன்னாடி வேலை பாத்த ஒருத்தர் ரேடியோ வழியா பம்புகள ஆட்டி வச்சு 8 லட்சம் லிட்டர் கழிவுநீர பூங்காவுலயும் ஆத்துலயும் விட்டார். வெளிநாட்டு ஹேக்கரும் இல்ல, அரசியலும் இல்ல. உள்ள வேலை பாத்த ஆளுக்கு எல்லாம் தெரியும்.

நவம்பர் 9, இரவு 9:55

பேக்கப் இருந்தா போதாதான்னு கேக்குறீங்க. எங்ககிட்டயும் இருந்துச்சு. பேக்கப்ல இருந்து சிஸ்டத்த முழுசா எழுப்பிப் பாத்தது யாருன்னு கேட்டா பதில் இல்ல. பாதி பேக்கப் அதே நெட்வொர்க்ல தொங்கிட்டு இருந்ததால அதுவும் பூட்டிப்போச்சு. தனியா, நெட்வொர்க்ல இருந்து கழட்டி வச்ச காப்பிதான் கைகொடுத்துச்சு, அதுவும் கொஞ்சம் பழசு, இடைப்பட்ட நாளோட ரிசல்ட் எல்லாம் பேப்பர பாத்து வாரக்கணக்குல திரும்ப டைப் அடிச்சோம்.

இப்ப நாங்க அப்பப்ப வேணும்னே சாஃப்ட்வேர நிறுத்திட்டு பேப்பர்ல ஓட்டிப் பாக்குறோம். முதல் ட்ரில்லயே தெரிஞ்சது, கையால எழுதுற ஃபார்ம்ல ரத்தம் எடுத்த நேரத்துக்குக் கட்டமே இல்ல. நேரம் தெரியாத ட்ரோபோனின் (மாரடைப்பக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்) ரிசல்ட்ட வச்சு டாக்டர் என்ன பண்ணுவார்? கட்டம் சேர்த்தோம். ரெண்டாவது ட்ரில்ல வார்டு மொபைல் நம்பர் லிஸ்ட் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு கண்டுபிடிச்சோம், இப்ப சுவத்துல ஒட்டியிருக்கு. நேரம் வீணாகுதுன்னு மேல இருந்து பேச்சு வருது, வரட்டும்.

நவம்பர் 10, காலை 6:50

தனி மனுஷன் என்ன பண்ணலாம்னு ஒருத்தர் தனியா மெசேஜ்ல கேட்டார், எல்லாருக்கும் உதவும்னு இங்கயே போடுறேன். உங்களுக்கோ வீட்ல யாருக்கோ தொடர்ந்து மருந்து சாப்பிடுற நோய் இருந்தா மருந்துப் பேரு, அளவு, அலர்ஜி, ரத்த வகை எல்லாம் ஒரு காகிதத்துல எழுதி வைங்க. கடைசி ரிப்போர்ட்ட பிரின்ட் கேட்டு வாங்குங்க, "ஆப்ல இருக்கு சார்"னு சொன்னாலும் விடாதீங்க. அடிக்கடி ரத்தம் ஏத்துறவங்களா இருந்தா, ஆன்டிபாடி இருக்கான்னு ரத்த வங்கியில கேளுங்க, இருக்குன்னா அதை எழுதி கார்டு தரச் சொல்லுங்க, பர்ஸ்ல வச்சுக்கோங்க. சர்வர் விழுந்த ராத்திரி எங்க கையில அந்த மாதிரி ஒரு கார்டு வந்திருந்தா, அந்த ஆளுக்கு எந்த ரத்தம் குடுக்கக்கூடாதுன்னு ஒரு நிமிஷத்துல எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.